ராட்கே அம்மா வரைந்த கடல்நாய்

க்ரோன்விக்,
9 மார்ச் 1937

அன்புள்ள மெட்டா அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பாட்டுக்கும் குறைவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியைப் படிக்கும்போது நீ பதறுவாய்.

அரசாங்கக் கலைஞர் சபையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. என் பெயரை நீக்கிவிட்டார்கள். போரில் கால் இழந்தவர்களை, முகம் இழந்தவர்களை நான் வரைந்த படங்கள் ஜெர்மன் மக்களை அவமதிக்கின்றனவாம். மியூசியத்தில் தொங்கிய என் படங்களையும் இறக்கிவிட்டார்கள். இனி நான் படம் விற்கக்கூடாது, காட்டக்கூடாது, வீட்டுக்குள் எனக்காகக்கூட வரையக்கூடாது. கடைக்காரன் எனக்குத் தூரிகை விற்றால் அவனுக்கும் தண்டனை.

அந்தப் போர்முனைப் பதுங்குகுழிகளில் நானும்தான் கிடந்தேன் அக்கா. கண்டதைத்தான் வரைந்தேன். அதைப் பற்றி இனி யாரிடமும் பேசப்போவதில்லை.

எங்கள் ஊர்க் காவலர் பாகெலை என்னைக் கண்காணிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று மத்தியானம் கதவைத் தட்டாமல் நுழைந்தான்.

"என்ன ஓவியரே, வீட்ல ஏதோ வாசம் அடிக்குதே?"

"வெங்காயம் வதக்கினேன்."

"வெங்காயமா, சாயம் கரைக்கிற டர்பன்டைனா?"

"மோந்து பாருங்களேன்."

சட்டியைத் திறந்து முகர்ந்தான். ஒரு கரண்டி எடுத்துத் தின்றும் பார்த்தான். பிறகு தூரிகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மயிர் ஈரமாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவினான். போகும்போது "உப்பு கம்மி" என்றான். இந்த ஊரில் எனக்கு இப்படி நேர்வது இதுதான் முதல் தடவை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவள் வீப்கே. புகையில் வாட்டிய மீன் விற்க வாரம் தவறாமல் பெர்லின் சந்தைக்கு வருகிறாள். வாய் அதிகம், ஆனால் தேவையான இடத்தில் பூட்டிக்கொள்வாள். அவள் கூடையில் விலாங்கு மீனுக்கு அடியில் ஒரு கட்டு இருக்கும். குளிர்காலத்தில் மை தொட்டு வரைந்த படங்கள். ஓலே என்ற கடல்நாய்க்குப் பல்வலி வந்து, ரயிலேறி பெர்லினுக்குப் பல் டாக்டரைப் பார்க்க வருகிற கதை. உன் பல் ஆஸ்பத்திரிக் கதைகளைக் கேட்டுக் கேட்டு வந்த வினை. என்னிடம் இருந்தால் பாகெல் கண்டுபிடிப்பான். வைத்திருக்க பயமாக இருந்தால் எரித்துவிடு.

உன் தம்பி,
லோதார்

*

பெர்லின்,
14 ஏப்ரல் 1937

அன்புத் தம்பி லோதாருக்கு,

எரிக்கவில்லை. எரித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நடந்ததைக் கேள்.

போன வாரம் ஒரு சிறுமி காத்திருக்கும் அறையில் நாற்காலிக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினாள். டாக்டர் உள்ளேயிருந்து எரிந்து விழுகிறார். நான் வேறு வழி தெரியாமல் ஓலே டாக்டர் நாற்காலியில் மீசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற படத்தை எடுத்துக் காட்டினேன். அழுகை நின்றது. "அவனுக்கும் பல் பிடுங்குவாங்களா?" என்று கேட்டுவிட்டு, தானாக எழுந்து உள்ளே போனாள்.

கன்னம் வீங்கிய ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் லிண்டாவ். குழந்தைகள் புத்தகம் போடுகிற பதிப்பாளர். படத்தைக் கையில் வாங்கினார். வீங்கிய வாயோடு கேட்டார்.

"இத யாரு வரைஞ்சது?"

"நான்தான்."

ஏன் சொன்னேன், தெரியாது. உன் பெயர் வாயில் வரக்கூடாது என்று நினைத்தேன், அதற்கு முன்னால் இது வந்துவிட்டது. மீதிப் படங்களையும் கேட்டார். புத்தகமாகப் போட வேண்டும் என்கிறார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். உன் பெயர் ப்ரென்னெக்கே, என் பெயர் ராட்கே. செத்துப்போன என் கணவரின் பெயர் இப்படியாவது உபயோகப்படட்டும். ஆனால் உன் விருப்பம் தெரியாமல் நான் ஒன்றும் செய்யமாட்டேன்.

ஒன்று மட்டும் மனதில் வை. உண்மை எல்லாம் வீப்கேயின் கூடையில் மட்டும் வரட்டும். தபாலில் நான் எழுதுவதை, உன் தோளுக்குப் பின்னால் ஒருத்தன் நின்று படிக்கிறான் என்று நினைத்துப் படி. அதில் நான் முழுப் பெயர் போட்டுக் கையெழுத்திடுவேன்.

வெங்காயத்துக்கு உப்பு போடு.

அக்கா மெட்டா

*

க்ரோன்விக்,
22 ஏப்ரல் 1937

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஓவியராம். சின்ன வயதில் நீ ஒரு பசுமாடு வரைந்து அம்மாவிடம் காட்டினாய். "மேசை நல்லா இருக்கு, டிராயர் எங்கே?" என்று கேட்டாள் அம்மா. அன்றைக்குத் தூக்கிப் போட்ட பென்சிலை நீ அப்புறம் எடுக்கவே இல்லை.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு கதவைத் தாழிட்டேன். பிறகு மறுபடி படித்தேன். என் படம் ஒரு குழந்தையின் அழுகையை நிறுத்தியது என்பதை நினைத்துக்கொண்டே விறகு பிளந்தேன். வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரமாட்டேன் என்கிறது.

செய் அக்கா. ஆனால் கவனமாகச் செய். உன்னையும் சபையில் பதிவு செய்யச் சொல்வார்கள். காட்டுவதற்கு இன்னும் சில படங்கள் அனுப்புகிறேன். மை, காகிதம் எல்லாம் உன் பெயருக்குக் கடையில் வாங்கு. நடுவிரலில், நகத்துக்குப் பக்கத்தில், எப்போதும் கொஞ்சம் மைக்கறை வைத்துக்கொள். யாராவது வரையச் சொன்னால் கண்வலி என்று சொல். பேசாமல் இரு. பேசாத ஓவியர்களைத்தான் எல்லோரும் நம்புவார்கள்.

பயமாக இருந்தால் ஒரே ஒரு வார்த்தை எழுது. அன்றைக்கே நிறுத்திவிடலாம்.

லோதார்

*

பெர்லின்,
18 டிசம்பர் 1937

அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். தேன் கேக்கும் கம்பளிக் காலுறையும் வீப்கேயிடம் கொடுத்தனுப்புகிறேன். கேக்கை அவள் வழியில் பாதி தின்றிருந்தால் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் ருசி பார்க்கச் சொன்னேன்.

'ஓலேவுக்குப் பல்வலி' கடைகளில் முன்வரிசையில் இருக்கிறது. லிண்டாவ் வாயெல்லாம் பல்லாகத் திரிகிறார். சபைக்காரர்கள் நீ அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு என்னைப் பதிவு செய்துகொண்டார்கள். "சுத்தமான ஜெர்மன் கோடு" என்று ஒருவர் பாராட்டினார். எந்தக் கையின் கோடு என்று தெரிந்திருந்தால் அந்த நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார்.

நேற்றுக் கடைவீதியில் நின்று புத்தகக் கடை ஜன்னலுக்குள் பார்த்தேன். ஒரு பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஓலேவைப் பார்த்துக்கொண்டிருந்தான். உன்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது. அடுத்த நிமிஷம் கடைக்காரி என்னை அடையாளம் கண்டு வெளியே வந்துவிட்டாள். "ராட்கே அம்மா, இந்தப் பிரதியில ஒரு சின்ன ஓலே வரைஞ்சு குடுங்களேன். ரெண்டே கோடு போதும்."

கண்வலி என்றேன். விரலில் இருந்த மைக்கறையைப் பார்த்தாள். "வேலைக்கு மட்டும் கண்ணு வலிக்கலையாக்கும்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வீடு வந்து சேரும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

என்னோடு வேலை பார்க்கிற கெர்டாவும் கேட்கிறாள், "நீ எப்ப வரையறே? உன் கையில பென்சிலையே நான் பார்த்ததில்லையே." நல்ல பெண்தான். ஆனால் நல்ல பெண்ணா என்று யோசிக்க வேண்டிய காலமாகிவிட்டது, பார்.

நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. அந்தப் பையனின் மூக்கைப் பற்றிச் சொல்லத்தான் எழுதினேன்.

அக்கா

*

க்ரோன்விக்,
20 பிப்ரவரி 1938

அக்கா,

ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். நிதானமாகப் படி.

புத்தகத்தில் ஓலே ஊருக்குத் திரும்பி வந்து அடுப்பருகில் குளிர்காய்கிற படம் இருக்கிறதே, அதில் இருப்பது என் அடுப்பு. யோசிக்காமல் வரைந்துவிட்டேன். உனக்குத் தெரியும், என் கணப்பு அடுப்பைச் சுற்றிப் பதித்த பீங்கான் ஓடுகளில் கப்பல் படம் உண்டு. அதில் ஒன்றைக் கொத்தனார் தலைகீழாகப் பதித்துவிட்டான். அதையும் அப்படியே வரைந்திருக்கிறேன். நான் கவனிக்கவே இல்லை.

இன்று பாகெல் வந்தான். வழக்கம்போலத் தூரிகையைத் தடவவில்லை. கோட்டுக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தான்.

"எம் பொண்ணு ஆங்கே தூங்கப் போனாலும் இதத்தான் கட்டிக்கிட்டுப் போறா. உங்களுக்குப் படம்னா பிடிக்குமேன்னு எடுத்தாந்தேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினான். நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் அவன் கை நின்றது.

"இந்தக் கப்பல் தலைகீழா இருக்கே ஓவியரே."

"கொத்தனார் குடிச்சிருந்தான்."

"புத்தகத்துலயா, இங்கயா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் விரல் புத்தகத்தின் மேல் இருந்தது, அடுப்பின் மேல் அல்ல. அவன் அடுப்பைப் பார்த்தான். புத்தகத்தைப் பார்த்தான். எழுந்து போய் அந்த ஓட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"நல்லா எரியுது" என்றான். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஓட்டைப் பெயர்த்து எறிந்துவிடலாமா என்று சுத்தியலோடு நின்றேன். பெயர்த்தால் அந்த வெற்றிடமே சாட்சி சொல்லும். கையில் மிச்சமிருந்த படங்களைப் படகுக் கொட்டகையில் பழைய வலைக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன்.

நீ கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

லோதார்

*

பெர்லின்,
6 மே 1938
(தபாலில்)

அன்புள்ள சகோதரர் லோதார் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். மகிழ்ச்சியான செய்தி ஒன்று. ஜூன் மாதம் இங்கே நடக்கவிருக்கும் குழந்தைகள் புத்தக விழாவில், மேடையில் குழந்தைகள் முன்னிலையில் படம் வரைந்து காட்டும் ஓவியர்களில் ஒருவராக என்னையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அமைச்சகத்திலிருந்து டாக்டர் க்ராஃப்ட் என்பவர் நேரில் வந்து அழைத்தார். எவ்வளவு பெரிய கௌரவம் என்று சொல்ல வார்த்தையில்லை. உங்கள் விறகு வேலை நன்றாக நடக்கிறது என்று நம்புகிறேன்.

மெட்டா ராட்கே

*

பெர்லின்,
9 மே 1938

லோதார்,

தபாலில் வந்ததைப் படித்திருப்பாய். இனி உள்ளதைச் சொல்கிறேன்.

அந்த க்ராஃப்ட் ஆஸ்பத்திரிக்கே வந்தான். வெள்ளைக் கையுறை, மென்மையான குரல். வராமலிருக்க என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். கண்வலி என்றேன். "எங்க டாக்டர் பார்ப்பார்." மேடை பயம் என்றேன். "குழந்தைங்கதானே அம்மா." அந்தச் சமயம் உடம்பு சரியில்லாமல் போனால்? "உங்களுக்காக விழாவையே தள்ளி வைப்போம். அமைச்சர் உங்க ஓலேவை ரசிச்சுப் பார்த்தாரு." சொல்லிக்கொண்டே என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவேளை, மைக்கறை இருந்தது.

யாரோ என்னைப் பற்றிச் சொல்லித்தான் இவன் சோதிக்க வந்திருக்கிறானா, அல்லது நிஜமாகவே பாராட்ட வந்தவனா என்று தெரியவில்லை. உன் வீட்டு அடுப்பை நினைத்தால் முதலாவதுதான் சரியென்று தோன்றுகிறது. இந்தத் தெரியாமைதான் என்னைத் தின்கிறது.

எனக்கு ஓலேவை வரையக் கற்றுக்கொடு. ஒரே ஒரு ஓலே போதும். எழுதி அனுப்பு.

அக்கா

*

க்ரோன்விக்,
16 மே 1938

அக்காவுக்கு,

கூடவே ஒரு தாள் வைத்திருக்கிறேன். பார்த்ததும் மனதில் வாங்கிக்கொண்டு எரித்துவிடு.

ஓலே ஒரு விலங்கு என்பதை மற. அவன் சாய்ந்து கிடக்கும் ஒரு பேரிக்காய். மூக்கிலிருந்து தொடங்கு. நெற்றி, முதுகு, வால் வரை கை தூக்காமல் ஒரே கோடு. மணிக்கட்டு அசையக்கூடாது, தோள்தான் அசைய வேண்டும். ஜன்னல் துடைப்பாயே, அப்படி. பிறகு வயிறு. பிறகு ஒரே ஒரு புள்ளி, கண். மீசையைக் கடைசியில் வேகமாக இழு. கோணலாகப் போனால் சிரித்துவிடு, குழந்தைகளும் சிரிப்பார்கள். வேகமாக வரைந்தால் தப்பு தெரியாது. மெதுவாக வரைந்தால் எல்லாம் தெரியும்.

இதைச் சொல்லிக்கொடுக்கிறேனே தவிர, எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. உன்னை மேடையேற்றிவிட்டு நான் இங்கே விறகு பிளந்துகொண்டிருக்க முடியாது. நாளைக்கே பாகெலிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். படம் எல்லாம் என்னுடையது, உன்னை ஏமாற்றி உன் பெயரைப் போட வைத்தேன், உனக்கு ஒன்றும் தெரியாது என்று. என்னைக் கொண்டுபோவார்கள். போகட்டும். உன் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன்.

லோதார்

*

பெர்லின்,
24 மே 1938

தம்பி,

பாகெலிடம் நீ போகக்கூடாது. போனால் நான் உன்னை மறந்துவிடுவேன், சொல்லிவிட்டேன். நான் ஒன்றும் தெரியாதவள் என்று நீ சொன்னால் அவர்கள் நம்புவார்களா? சபைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான். அடுத்தது லிண்டாவ், அவருக்கு மூன்று பிள்ளைகள். அப்புறம் வீப்கே.

உன் பாடம் நடக்கிறது. வேலை முடிந்து வந்து ஜன்னலைத் திரைபோட்டு மூடிக்கொண்டு வரைகிறேன். முதல் ஓலே பூட்ஸ் மாதிரி வந்தான். இரண்டாவது ஓலே மழையில் நனைந்த பூட்ஸ். தோளை அசை என்கிறாய், என் தோள் துணி துவைக்கப் பழகிய தோள். நேற்று ஒன்று கிட்டத்தட்ட கடல்நாய்போல வந்தது. அதைப் பார்த்து அழுகை வந்துவிட்டது.

இன்று அந்த க்ராஃப்டின் உதவியாளன் வந்து நிகழ்ச்சியை விளக்கினான். பெரிய பலகை, கரிக்கோல். குழந்தைகள் கையைத் தூக்கி விரும்பியதைச் சொல்லுவார்களாம். "ஒருத்தன் யானைம்பான், ஒருத்தன் எங்க அப்பா மோட்டார் சைக்கிள்ம்பான். நீங்க பாட்டுக்கு வரைய வேண்டியதுதான். உங்களுக்கென்ன அம்மா, தண்ணி பட்ட பாடு."

அவன் போன பிறகு வெகுநேரம் கொதிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். பல் பிடுங்குகிற இடுக்கிகளைப் போடுவோமே, அது. கெர்டா வந்து தோளைத் தொட்டதும் துள்ளிவிட்டேன்.

ஓலே இனிப் போதாது லோதார். வேறு ஏதாவது யோசிக்கிறேன். நீ எதுவும் செய்யாமல் இரு. அதுவே எனக்கு நீ செய்கிற பெரிய உதவி.

அக்கா

*

பெர்லின்,
8 ஜூன் 1938
(தபாலில்)

திரு. லோதார் ப்ரென்னெக்கே அவர்களுக்கு,

இதை எழுதுவது கெர்டா. உங்கள் சகோதரியோடு வேலை பார்க்கிறேன். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் ஒரு விபத்து நடந்துவிட்டது. கருவிகள் கொதிக்கும் தொட்டியில் இடுக்கி ஒன்று நழுவி விழ, அதை எடுக்கப்போன என் வலது கை வெந்நீரில் அகப்பட்டுவிட்டது. நல்ல சிகிச்சை கிடைக்கிறது. விழாவில் கலந்துகொள்ள முடியாதது மட்டுமே என் வருத்தம். நீங்கள் கவலைப்பட வேண்டாம். பயணம் செய்து வரவும் வேண்டாம்.

மெட்டா ராட்கே

அவர் சொல்லாமல் நான் ஒரு வரி சேர்க்கிறேன். நான் அந்த அறையில்தான் இருந்தேன். கத்தவே இல்லை அவர். — கெர்டா

*

க்ரோன்விக்,
14 ஜூன் 1938

அக்கா,

அக்கா, எப்படி உனக்கு மனசு வந்தது.

இதற்குமேல் எழுதத் தெரியவில்லை. மன்னித்துவிடு. வீப்கே போகும்போதெல்லாம் உன்னைப் பார்த்து வந்து சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

லோதார்

*

பெர்லின்,
30 ஜூலை 1938

தம்பிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியதுபோல இருக்கும், பொறுத்துக்கொள்.

மனசு எப்படி வந்தது என்று கேட்டாய். வரவில்லை. காய்ச்சல் என்றால் தள்ளி வைப்பார்கள், கண் என்றால் சோதிப்பார்கள். கை இல்லையென்றால்தான் விடுவார்கள் என்று புத்திக்குத் தெரிந்தது. கைக்கு அது தெரியவில்லை, பின்னால் பின்னால் இழுத்தது. கெர்டா முதுகைக் காட்டித் திரும்பியபோது வைத்துவிட்டேன். அவ்வளவுதான். அதைப் பற்றி இனி நீயும் கேட்காதே, நானும் சொல்லமாட்டேன்.

க்ராஃப்ட் பூங்கொத்தோடு வந்தான். விசாரித்தான். பிறகு அதே மென்மையான குரலில், "காயத்தைப் பார்க்கலாமா?" என்றான். டாக்டர் கட்டை அவிழ்த்தார். அவன் குனிந்து நன்றாகப் பார்த்தான். முகம் வெளுத்துப்போய் "ஜெர்மன் குழந்தைகளுக்குப் பேரிழப்பு" என்றான். அன்றோடு சரி, திரும்ப வரவில்லை. பத்திரிகையில் நாலு வரி போட்டார்கள். ராட்கே அம்மா இனி வரையமாட்டார்.

இரண்டு விரல் மடங்காது. டாக்டர் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. கதவு திறக்கிறேன், பெயர் கூப்பிடுகிறேன். கெர்டா என் தலையைப் பின்னிவிடுகிறாள். அவளைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருக்கிறது.

மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதாதே. சில காலைகளில் காபிக் கோப்பை கையிலிருந்து நழுவி விழும்போது உன்மேல் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. வந்துவிட்டுப் போகட்டும். நீ வரைவதை மட்டும் நிறுத்தாதே. நிறுத்தினால் அந்தத் தொட்டிக்குள் நான் சும்மா கையை விட்டதாக ஆகிவிடும்.

அக்கா மெட்டா

*

க்ரோன்விக்,
10 அக்டோபர் 1938

அன்புள்ள அக்காவுக்கு,

கோடை முழுக்க ஒரு கோடுகூட வரையவில்லை. பென்சிலை எடுத்தால் உடனே கீழே வைத்துவிடுவேன். உன்னிடம் சொல்லவில்லை.

இன்று காலை பாகெல் வந்தான். சீருடை இல்லை, சவரம் இல்லை. உள்ளே வந்து கதவைத் தாழ் போட்டான். இதோ, கூட்டிப்போக வந்துவிட்டான் என்று நினைத்து நான் கோட்டைக் கையில் எடுத்தேன்.

"உட்காருங்க. கோட்டை வைங்க. ஆங்கேவுக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. டிப்தீரியாங்கிறாரு டாக்டர். மூச்சு விட முடியல. ஓலே வேணும்ங்கிறா."

"புத்தகம்தான் இருக்கே."

"அது இல்ல. தொண்டையில துணி கட்டின ஓலே வேணுமாம். அவள மாதிரியே."

கோட்டுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்தான். பென்சிலும் அவனே கொண்டுவந்திருந்தான்.

"எனக்கு வரையறதுக்குத் தடை இருக்கு" என்றேன்.

"அந்தத் தடைக்குக் காவல் இருக்கறதே நான்தான். எனக்குத் தெரியாதா?"

இது பொறியாக இருந்தால் இதோடு தீர்ந்தது. ஆனால் அவன் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. நான் உட்கார்ந்தேன். மூக்கில் தொடங்கினேன். முதல் கோடே உடைந்தது. அவன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது கோடு வந்துவிட்டது. ஓலேவின் கழுத்தில் பெரிய துணிக்கட்டு, வாயில் தெர்மாமீட்டர், தலைமாட்டில் கவலையோடு ஒரு நீர்க்காகம். பாகெல் தாளை வாங்கி மடிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

தாழ்ப்பாளில் கை வைத்தபடி, திரும்பாமல் சொன்னான்.

"வர்ற வெள்ளிக்கிழமை ரோஸ்டாக் ரகசிய போலீஸ்லேருந்து ரெண்டு பேர் வர்றாங்க. அடுப்பையும் புத்தகத்தையும் சேர்த்து வெச்சுப் பார்க்க."

"அவங்களுக்கு யாரு சொன்னது?"

"நான்தான். பிப்ரவரியிலயே எழுதிப் போட்டுட்டேன். இப்பத்தான் பதில் வந்திருக்கு."

தாழ்ப்பாளை இழுத்தான். "வியாழக்கிழமை நான் கடல் பக்கம் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீப்கேயின் அண்ணன் ஹின்ரிக் மீன்பிடிப் படகு வைத்திருக்கிறான். வியாழக்கிழமை விடிவதற்கு முன்னால் டென்மார்க் கரைக்கு அழைத்துப்போகிறேன் என்கிறான். இரண்டு பேருக்கு இடமிருக்கிறது. நீயும் வா அக்கா. அடுப்பைத் தேடி வருகிறவர்கள் அடுத்து உன்னிடம்தான் வருவார்கள். வீப்கேயோடு புதன்கிழமை ரயிலில் ஏறிவிடு. அங்கே போய் உனக்குச் சமைத்துப் போடுகிறேன், தலை பின்னிவிடுகிறேன், உனக்கு வலது கையாக இருக்கிறேன். வா.

உனக்காகக் காத்திருக்கும்
லோதார்

*

பெர்லின்,
12 அக்டோபர் 1938

என் அன்புத் தம்பிக்கு,

வீப்கே வெளியே நிற்கிறாள், ரயிலுக்கு நேரமாகிறது. இடது கை ஓடுகிற வேகத்துக்குத்தான் எழுத முடியும்.

நான் வரவில்லை.

நானும் ஓடினால் எல்லாம் உண்மையென்று ஆகிவிடும். லிண்டாவைப் பிடிப்பார்கள், கெர்டாவைப் பிடிப்பார்கள், கூடை சுமந்த இவளையும் விடமாட்டார்கள். நான் இங்கேயே இருந்தால் சொல்வதற்குப் பதில் இருக்கிறது. தம்பி வீட்டுக்கு விடுமுறைக்குப் போனேன், அடுப்பு பிடித்திருந்தது, வரைந்தேன். தலைகீழ்க் கப்பலைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, அதையும் வரைந்தேன். எங்கே, இப்போது வரைந்து காட்டு என்று எந்த மகராசனும் என்னைக் கேட்க முடியாது. என் கையைப் பார்த்தாலே போதும். கேட்டால் கதறுகிறவள் நானில்லை. உன்னால் முடியாது. ஒரே ஒரு கேள்விக்குக் கொத்தனாரைக் குடிகாரனாக்கியவன் நீ. அதனால் நீ போயாக வேண்டும்.

இப்படிச் செய். உன் சின்னப் படகையும் ஹின்ரிக் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகட்டும். நடுக்கடலில் கவிழ்த்து விட்டுவிடட்டும். உன் தொப்பியை அதில் மாட்டிவை. வீட்டில் எல்லாம் போட்டது போட்டபடி இருக்கட்டும், தட்டில் ரொட்டி உட்பட. வலைக்குள் இருக்கிற படங்களை மட்டும் எடுத்துக்கொள். லோதார் ப்ரென்னெக்கே மீன்பிடிக்கப் போனான், திரும்பவில்லை. வீப்கே கரையில் நின்று அழுவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் அழுதால் பக்கத்து ஊருக்கும் கேட்கும். செத்தவனைத் தேடிப் படகு விடமாட்டார்கள்.

நான் கறுப்பு உடுத்துவேன். மாதாகோயிலில் உனக்காக மணி அடிக்கச் சொல்லுவேன். அதற்கு நடிக்க வேண்டியிருக்காது.

அந்தச் சிறுமி பிழைத்தாளா என்று வீப்கேயிடம் கேட்டேன். மூச்சு சீராகிவிட்டதாம். பாகெலை நினைத்து நீ மனதைக் கசக்கிக்கொள்ளாதே. அவனை என்னவென்று சொல்வது, எனக்கும் தெரியவில்லை.

அந்தக் கரையில் எந்தப் பெயரை வைத்துக்கொண்டாவது வரை. போரில் பார்த்த முகங்களை வரை, கடல்நாயை வரை, எதை வேண்டுமானாலும். என்றாவது ஒரு கடை ஜன்னலில் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். மூக்கிலிருந்து வால் வரை கை தூக்காமல் போட்ட கோட்டை எனக்குத் தெரியாமல் போகுமா?

படகில் முன்பக்கம் பார்த்து உட்கார், இல்லாவிட்டால் உனக்குக் குமட்டும். கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள்.

எனக்குப் பதில் எழுதாதே. கரை சேர்ந்தேன் என்று ஒரு வரிகூட வேண்டாம். செத்துப்போன தம்பியிடமிருந்து எனக்குக் கடிதம் வரக்கூடாது.

உன் அக்கா,
மெட்டா